நாற்பதாவது நாளும் ஓட வேண்டும்: கொழும்பில் டிஜிட்டல் கலைக்குக் கியூரேட்டர் ஆவது எப்படி

என் தோள்பையைக் கொட்டினால் இவ்வளவும் விழும்: ஐந்து மீட்டர் அளவு நாடா, உருண்டை முனைக்கும் சதுர முனைக்குமாக நாலைந்து பிளக் அடாப்டர்கள், கறுப்புத் துணி டேப் ஒரு சுருள், சின்ன டோர்ச், மார்க்கர், இரண்டு பென் டிரைவ், சிவப்பு நூல் கட்டிய ஒரு ரிமோட். "கரண்ட் வேலை செய்யிற ஆளின்ர பை மாதிரி இருக்கு" என்பார் அம்மா. பன்னிரண்டு வருடமாக நான் செய்யும் தொழிலை வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்காரருக்கு அவர் இரண்டு சொல்லில் விளக்கிவிடுவார்: "எக்ஸிபிஷன் வைக்கிறவ." அதில் பிழை ஒன்றும் இல்லை.

கியூரேட்டர் என்பதற்குத் தமிழில் வாயில் ஒட்டும் சொல் இன்னும் வரவில்லை. காப்பாட்சியர் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வாளுக்கும் நாணயத்துக்கும் பொறுப்பானவர் நினைவுக்கு வருகிறார். நான் பொறுப்பெடுக்கும் பொருள்கள் வேறு மாதிரி. வீடியோ, சென்சர், மனிதர் நடந்தால் மாறும் ஒலி, கணினி நிரல் வரையும் படம். வாளை வைத்துப் பூட்டிவிட்டால் அடுத்த நாளும் வாள்தான். என்னுடையவை தொடக்க விழா அன்று எல்லோர் முன்னாலும் அழகாக ஓடும். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒரே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வந்து நிற்கும்போது "சிக்னல் இல்லை" என்ற நீலத் திரையைக் காட்டும். இந்த வேலையைக் கற்பது என்பது பெரும்பாலும் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குத் தயாராவதுதான்.

டிசைன் படிக்கும் பிள்ளைகள் என்னைப் பிடித்துக் கேட்பது ஒரே கேள்வி: "அக்கா, இதுக்கு என்ன படிக்க வேணும்?" நான் படித்தது கணினி. ஆறு வருடம் ஒரு சொஃப்ட்வெயர் கொம்பனியில் பிழை பிடிக்கும் வேலை. அங்கே பழகிய ஒரு பழக்கம் இன்றும் சோறு போடுகிறது. என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், உண்மையில் என்ன நடந்தது என்று மூன்று வரியாக எழுதும் பழக்கம். கலை வரலாறு படித்துவிட்டு வருகிறவர்களுக்கு வேறு பலம் இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் மற்றப் பக்கத்தைப் பிறகு வேலை செய்துதான் படிக்க வேண்டும்.

இந்தப் பாதையில் நமக்கு முன்னால் போன ஒருவர் இருக்கிறார். ஆனந்த குமாரசுவாமி 1877 இல் கொழும்பில் பிறந்தார். கொழும்பு அருங்காட்சியகம் திறந்ததும் அதே வருடம். அவர் முதலில் படித்தது பாறைகளையும் கனிமங்களையும் ஆராயும் புவிச்சரிதவியல். இலங்கையின் கனிமவள ஆய்வுக்குத் தலைவராக இருந்தார், தோரியனைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார். பிறகுதான் கலை. 1917 இல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவுக்குப் பொறுப்பாளரானார். கல்லை வகைப்படுத்திய கண் சிற்பத்தைப் பார்க்கவும் உதவியிருக்கும் என்பது என் ஊகம். கொழும்பு 7 இல் அவர் பெயரில் இருக்கும் வீதியில்தான் 'கலா பொல' ஓவியச் சந்தை நடக்கிறது. அந்த நடைபாதையில் ஓவியம் தேடி நடக்கிற எத்தனை பேர் பெயர்ப்பலகையைப் பார்க்கிறார்களோ.

கலையும் தொழில்நுட்பமும் சேர்வது நேற்று வந்த மோகம் என்று யாராவது சொன்னால் 1966 ஐச் சொல்லுங்கள். அந்த ஒக்டோபரில் நியூயோர்க்கில் பத்துக் கலைஞர்களோடு பெல் ஆய்வுகூடப் பொறியாளர்கள் சுமார் முப்பது பேர் சேர்ந்து ஒன்பது இரவுகள் நிகழ்ச்சி நடத்தினார்கள். 1968 இல் லண்டனில் யசியா ரைகார்ட் கணினிக் கலைக்கென்றே பெரிய கண்காட்சி ஒன்று வைத்தார். நம் ஊரில் 2016 'கொழும்புஸ்கோப்' விழா டிஜிட்டல் கலாசாரத்தையே தலைப்பாக எடுத்து, மருதானையில் பழைய கொழும்பு டெர்மினஸ் நிலையத்துக்குள் நடந்தது. ரயில் நின்றுபோன மேடையில் திரைகள். அதற்கு முந்தைய வருடம் கொம்பனித் தெரு ரியோ தியேட்டர். 1983 ஜூலையில் எரிந்த கட்டடம் அது. அப்படி ஒரு சுவரில் வீடியோவைப் போட்டால் சுவரும் கதைக்கும். எந்தப் படைப்பை எந்தச் சுவருக்குக் கொண்டுபோவது என்பதுதான் கியூரேட்டரின் முதல் முடிவு. வயர் எல்லாம் அதற்குப் பிறகு.

சரி, எங்கே தொடங்குவது? முதல் ஆறு மாதம் பாருங்கள். பான்ஸ் பிளேஸில் சபுமல் மன்றம் இருக்கிறது. ஹரி பீரிஸின் வீடு, '43 குழு என்ற நவீன ஓவியர் குழுவின் ஓவியங்கள் வீட்டுச் சுவர்களிலேயே தொங்குகின்றன. அதே வீதியில்தான் ஆர்தர் சி. கிளார்க் வாழ்ந்தார், செயற்கைக்கோள் தொடர்பைப் பற்றி 1945 இலேயே எழுதியவர். எனக்குப் பிடித்த வீதி. லயனல் வென்ட், பெயாஃபூட் கலரி இரண்டையும் பாருங்கள். 2019 டிசம்பரில் தொடங்கிப் பிறகு கொள்ளுப்பிட்டி கிரெஸ்கட் கடைத்தொகுதிக்குள் வந்த நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகத்தைக் கட்டாயம் பாருங்கள். மூன்று மொழியும் அங்கே எப்படி ஒரே சுவரில் நிற்கின்றன என்று கவனியுங்கள்.

பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. ஒரு வீடியோப் படைப்பின் பக்கத்தில் முழுதாக ஒரு மணித்தியாலம் இருங்கள். படத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், மிச்ச நேரம் ஆட்களைப் பாருங்கள். எத்தனை செக்கன் நிற்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், யாருடைய தலை வெளிச்சத்தை மறைக்கிறது, இருக்கை இல்லாததால் யார் போய்விடுகிறார்கள். அப்புறம் மேலே பாருங்கள். புரொஜெக்டர் எங்கே தொங்குகிறது, வயர் எந்த வழியாக வருகிறது, பிளேயரை எங்கே ஒளித்திருக்கிறார்கள். காவலுக்கு நிற்கும் பிள்ளையோடு கதையுங்கள். எது எத்தனை மணிக்கு நிற்கும் என்று கியூரேட்டரைவிட அந்தப் பிள்ளைக்குத்தான் நன்றாகத் தெரியும். பிறகு ஏதாவது ஒரு விழாவில் உதவிக்குப் போங்கள். வரவேற்பு மேசை வேண்டாம், கட்டுகிற வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

என் வாத்தியார் ஒரு வயரிங் பாஸ், கொட்டாஞ்சேனைக்காரர். என் முதல் கண்காட்சியில் நான் பெருமையாக வரைந்த மாடித் திட்டத்தைப் பார்த்துவிட்டு, "மிஸ், இந்த ஒரு பொயின்ட்டில எத்தினை சாமான் கொழுவப் போறீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று படித்தது இது: 13 அம்பியர் பொயின்ட்டில், 230 வோல்ட் கணக்கில், கிட்டத்தட்ட 3,000 வாட் மட்டும்தான் எடுக்கலாம். சாதாரண லாம்ப் புரொஜெக்டர் ஒன்று 300 வாட் எடுக்கிறது என்றால் அது பெரிய காரியமில்லை. ஆனால் அதே வயரில் கொழுவிய மின்விசிறி, தேநீருக்கு யாரோ கொண்டுவந்து வைத்த கேத்தல், எல்லாம் சேர்ந்தால் தொடக்க உரையின் நடுவில் ட்ரிப் அடிக்கும். பழைய பம்பலப்பிட்டி வீடுகளில் ஒரே அறைக்குள் மூன்று வகைப் பிளக் பொயின்ட் இருக்கும். அதனால்தான் பையில் அத்தனை அடாப்டர்.

அளவு நாடா எதற்கு என்று ஒரு கணக்கைக் காட்டுகிறேன். கலைஞர் மூன்று மீட்டர் அகலப் படம் கேட்கிறார். 16க்கு 9 அளவு என்றால் உயரம் ஏறத்தாழ 1.7 மீட்டர். புரொஜெக்டரின் எறிவிகிதம் 1.5 என்று பெட்டியில் எழுதியிருக்கும். அகலத்தை அதனால் பெருக்குங்கள். 4.5 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அறையின் நீளமோ 4 மீட்டர். முடிந்தது கதை. 1.2 விகிதமுள்ளது கிடைத்தால் 3.6 மீட்டர் போதும், மிச்ச 40 சென்றிமீட்டரில் பெட்டியும், பின்னால் காற்றுப் போக இடமும், வயர் வளையும் இடமும் அடங்க வேண்டும். இந்தக் கணக்கை விழாவுக்கு இரண்டு மாதம் முன்னால் போட்டால் ஒரு மின்னஞ்சலோடு தீரும். இரண்டு நாள் முன்னால் போட்டால் கலைஞர் அழுவார், நீங்களும் அழுவீர்கள்.

அறை இருட்டாக இல்லாவிட்டால் எந்தப் புரொஜெக்டரும் உதவாது. நல்ல கறுப்புத் துணிக்கு நான் புறக்கோட்டை கெய்சர் வீதிக்குப் போவேன். வயர், கேபிள், மாற்றிகளுக்கு முதலாம் குறுக்குத் தெரு. கணினிச் சாமானுக்கு யூனிட்டி பிளாஸா. எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கும்போது ஒரு வார்த்தை: பத்து மீட்டருக்கு மேல் சாதாரண கேபிளை நம்பாதீர்கள். கடையில் பத்து நிமிடம் ஓடும், கலரியில் பத்தாவது நாள் படம் மினுங்கத் தொடங்கும்.

மின்வெட்டை 2022 எனக்குச் சொல்லித் தந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஊரையே எழுத்து வாரியாகப் பிரித்து அட்டவணை போட்டார்கள். நான் அந்த அட்டவணையை வைத்துக் கண்காட்சியின் திறக்கும் நேரத்தை ஒவ்வொரு நாளும் மாற்றினேன். இன்று நிலைமை வேறு. ஆனாலும் அப்போது பழகிய விதியை விடவில்லை. கரண்ட் போய் வந்தால், யாரும் கை வைக்காமல், எல்லாம் தானாகத் திரும்ப ஓட வேண்டும். புரொஜெக்டரில் 'மின்சாரம் வந்ததும் எழும்பு' என்பது போல ஓர் அமைப்பு இருக்கும், தேடி எடுத்து இயக்குங்கள். வீடியோ ஓட்ட லப்டொப் வைக்காதீர்கள், நடுவில் அப்டேட் கேட்கும். ரஸ்பெரி பை போன்ற சின்னப் பெட்டி போதும், எழும்பியதும் நேராகப் படத்துக்குப் போகும்படி செய்யலாம். திடீரென்று கரண்ட் போனால் அதன் மெமரி கார்ட் பழுதாகும். ஆகவே கார்டில் எதுவும் எழுதப்படாதபடி பூட்டிவிட்டு, அதே போல இன்னொரு கார்ட் செய்து லாச்சியில் வையுங்கள். லாம்ப் புரொஜெக்டர் என்றால், அணைத்த பிறகும் விசிறி சுற்றி ஆற வேண்டும், அதற்கு மட்டுமாவது ஒரு யூ.பி.எஸ். கொடுங்கள். லேசர் புரொஜெக்டர் விலை கூட, ஆனால் 20,000 மணித்தியாலக் கணக்கில் சொல்கிறார்கள். தினம் எட்டு மணித்தியாலம், நாற்பது நாள் என்றால் ஒரு கண்காட்சிக்கு 320. கணக்கைப் பாருங்கள், எது மலிவு என்று தெரியும்.

வாடகைக்கு எடுப்பதைப் பற்றி. கொழும்பில் புரொஜெக்டர் வாடகை நாள் கணக்கில், கல்யாண வீட்டுக்கென்று போடப்பட்ட விலை. நாற்பது நாளுக்கு எடுத்தால் புதிதாகவே வாங்கியிருக்கலாம். எனக்கு அதைவிடக் கேவலமாக ஒன்று நடந்தது. நண்பர் வழியாக மலிவாக எடுத்த புரொஜெக்டரை ஒரு சனிக்கிழமை காலை கடைக்காரப் பையன் வந்து கழற்றிக்கொண்டு போய்விட்டான். அன்று நல்ல முகூர்த்தமாம், வேறு யாருக்கோ வாக்குக் கொடுத்திருந்தார்களாம். ஒப்பந்தம் எழுதவில்லை, வாய்ப் பேச்சு. பிழை என்னுடையதும்தான். அந்த அறை வாசலில் அன்று நான் ஒரு கதிரை போட்டு இருந்து, வந்தவர்களுக்குப் படத்தை வாயால் சொன்னேன். இரண்டு பேர் அதுதான் படைப்பு என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

இனி நமக்கே உரிய தலையிடி: தமிழ் எழுத்து. மற்ற எதையும் விட்டாலும் இதை விடாதீர்கள், ஏனென்றால் இதைப் பார்க்க உங்களைத் தவிர அந்த அறையில் ஆள் இருக்காது. வடிவமைப்பாளருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அச்சகக்காரருக்கும் தெரியாது. நீங்கள் யுனிகோடில் அழகாகத் தட்டி அனுப்புவீர்கள். அவர் வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டுவார். தென்னாசிய எழுத்துக்கான 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' அமைப்பு இயங்காமல் இருந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும், 'கொ' மூன்று துண்டாகும். அவர் கண்ணுக்கு அதுவும் தமிழ்தான். இன்னொரு வகை அச்சகம் பாமினி என்ற, யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் மட்டும் வேலை செய்யும். பாமினியில் 'அம்மா' என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஆங்கிலக் குப்பை அப்படியே சுவரேறும். பாமினிக்கு மாற்றிய பத்திக்குள் கலைஞரின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் அது தமிழ்க் குப்பையாகும். சிங்களத்தில் எஃப்.எம். எழுத்துருக்களிலும் இதே கூத்துத்தான்.

என் இரண்டாவது கண்காட்சியில் நுழைவாயில் எழுத்து இப்படி உடைந்து, ஆளுயரத்துக்கு ஒட்டப்பட்டிருந்தது. நான் மேலே சென்சரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டு வாசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, இது என்ன பாஷை?" அதன் பிறகு மூன்று காரியம் செய்யாமல் எதையும் அச்சுக்கு விடுவதில்லை. எழுத்தையெல்லாம் கோடுகளாக மாற்றிய பி.டி.எஃப். மட்டும்தான் அச்சகம் போகும். முதலில் சாதாரணத் தாளில் அதே அளவில் ஒரு பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டி வாசிப்பேன். கடைசியாக, ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் ஓடும்போது நானே பக்கத்தில் நிற்பேன். எழுத்துப் பெட்டிக்கு அளவு போடும்போது ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குக் கால்வாசி கூடுதல் இடம் விடுங்கள். இடம் போதவில்லை என்று தமிழை மட்டும் பொடியாக்க ஒருபோதும் விடாதீர்கள்.

என்ன எழுதுவது என்பதும் இதோடு ஒட்டியது. "பார்வையாளரின் அசைவைத் தரவாக மாற்றும் ஊடாடு நிறுவல்" என்று ஒருமுறை எழுதினேன். வெட்கமாக இருக்கிறது. ஒரு வயதான அம்மா அந்த அறை வாசலிலேயே நின்றுவிட்டார். மேலே பார்த்து, "இந்தக் கேமரா ஆருக்குப் போகுது?" என்று மெதுவாகக் கேட்டார். வடக்கிலிருந்து வந்தவர். நான் ஊடாடுதல் என்று நினைத்தது அவருக்குக் காவலரணாகத் தெரிந்திருக்கிறது. அன்று மாலையே மாற்றினேன்: "கையை அசைத்தால் சுவரில் அலை எழும். மேலே உள்ள கேமரா உங்கள் அசைவை மட்டும் பார்க்கிறது. எதையும் பதிவு செய்வதில்லை." 2022 இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இந்த மூன்று வரி வேண்டும். பதிவு செய்கிற படைப்பென்றால் அதையும் அதே எழுத்து அளவில் சொல்லுங்கள்.

கலைஞரோடு முதல் சந்திப்பிலேயே ஒரு தாள் கொண்டுபோவேன். படம் எத்தனை நிமிடம், எந்த வகைக் கோப்பு, ஒலி உண்டா, ஸ்பீக்கரா ஹெட்போனா, இருட்டு வேண்டுமா, இணையம் இல்லாமல் ஓடுமா. அப்புறம் கொஞ்சம் கடினமான கேள்வி: இந்தக் கருவி செத்துப்போனால் என்ன செய்வது? குகன்ஹைம் அருங்காட்சியகம் இதற்கு நாலு வழி பிரித்து வைத்திருக்கிறது. பழைய கருவியைச் சேமித்து வைப்பது, அதைப் போல நடிக்கும் மென்பொருள் செய்வது, புதிய வடிவுக்கு மாற்றுவது, படைப்பையே புதிதாக விளங்கிச் செய்வது. எது சம்மதம் என்று கலைஞர் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். வீடியோக் கலையின் முன்னோடி 'நாம் ஜூன் பைக்' (Nam June Paik) செய்த படைப்புகளில் இருக்கும் கண்ணாடிக் குழாய் டிவியை இன்று புதிதாக வாங்க முடியாது. ஃபிளாஷில் செய்த வலைக்கலை 2020 கடைசியோடு உலாவிகளில் நின்றுபோனது. கோப்பை மூன்று பிரதி எடுங்கள், இரண்டு வகைத் தட்டில், ஒன்று வேறு வீட்டில். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரே இடத்தில் ஒரே பிரதி வைப்பது ஏன் கூடாது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. 2005 இல் தொடங்கிய, 'நூலகம்' என்ற பெயருள்ள இணைய மின்னூலகத்தைப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு விவரம் எழுதி வைக்கிறார்கள் என்று படிக்க அதைவிட நல்ல இடம் தமிழில் எனக்குத் தெரியாது.

காசு விஷயம் சுருக்கமாக. முதல் நாலு வருடம் இரவில் பழைய சொஃப்ட்வெயர் வேலையைத் துண்டு துண்டாகச் செய்துதான் வீட்டு வாடகை கட்டினேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கதே நிறுவனம், பிரிட்டிஷ் கவுன்சில், அலியான்ஸ் பிரான்சே போன்றவை இங்கே கலை விழாக்களுக்குக் கை கொடுத்து வந்திருக்கின்றன. விண்ணப்பத்தில் கலைஞரின் கூலியை முதல் வரியில் போடுங்கள், உங்கள் கூலியை இரண்டாவது வரியில், கருவிச் செலவைத் தனியாக. பத்து வீதம் 'எதிர்பாராதது' என்று ஒதுக்குங்கள். கருவிக்குள் உங்கள் கூலியை ஒளித்து எழுதினால், ஒரு புரொஜெக்டர் எரிந்த நாளில் உங்கள் கூலியும் எரிந்துவிடும்.

கண்காட்சி நடக்கும்போது தினமும் திறக்கும் முன் பதினைந்து நிமிடம் சுற்றுங்கள். அறைக்கு ஒரு பக்கம் வீதம் கொப்பி ஒன்று வைத்து, காவல் பிள்ளையும் நீங்களும் 'என்ன செய்தேன், என்ன நினைத்தேன், என்ன நடந்தது' என்ற அந்த மூன்று வரியை எழுதுங்கள். ஈரப்பதமானி ஒன்றும் வையுங்கள். அருங்காட்சியகங்கள் 40 முதல் 60 வீதம் வரை கேட்கின்றன. கொழும்புக் காற்று அதற்குச் சம்மதிப்பதில்லை, கடற்கரைப் பக்க அறையில் இன்னும் மோசம். இணைப்பான்களில் பச்சை பிடித்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

கழற்றும் நாளுக்கு யாரும் வரமாட்டார்கள். நானும் பாஸும்தான். முதலில் ரிமோட்டுகளைச் சேர்ப்போம். ஒருமுறை ஒரு ரிமோட் பெட்டியோடு கலந்து போய், அடுத்த கண்காட்சியில் மேலே தொங்கும் புரொஜெக்டரைத் தும்புத்தடியால் குத்தி இயக்க வேண்டி வந்தது. சிவப்பு நூல் அதன் பிறகு வந்தது. வயரை முழங்கையில் சுற்றக் கூடாது, உள்ளே முறுகிவிடும். ஒரு வளையம் மேலாக, அடுத்தது கீழாக என்று கைக்குள் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நீளத்தை எழுதி டேப் ஒட்டுவோம். நல்லவை ஒரு பெட்டி, சந்தேகமானவை ஒரு பெட்டி. கொப்பி நல்ல பெட்டிக்குள் போகும். துணியை மடித்து ஓட்டோவில் ஏற்றிவிட்டு, சுவரில் ஆணி ஓட்டைகளுக்குப் புட்டி வைக்கும்போது அனேகமாக இரவு பத்து மணி ஆகியிருக்கும்.